பிளாக் சப்பாத் முதல் ஆல்பம்: என்.ஐ.பி. தாண்டி கொஞ்சம் பேசுவோமா? (ஸ்லீப்பிங் வில்லேஜ், வார்னிங், விக்கட் வேர்ல்ட்)

பிரஸ்ஷாப்_கிட்டார், திருவொற்றியூர்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம் இது. பிளாக் சப்பாத்ங்கற பர்மிங்காம் ராக் பேண்டோட முதல் ஆல்பம்னு பேச்ச ஆரம்பிச்சா யாரா இருந்தாலும் அந்த மழை சத்தம், சர்ச் மணி, இடி, அப்புறம் முதல் பாட்டுல வர்ற அந்த மூணு நோட்டு, அத முடிச்சா என்.ஐ.பி.ங்கற பாட்டு, அவ்ளோதான், நேரா அடுத்த ஆல்பத்துக்கு தாவிடுறாங்க. 2025 ஜூலை 5 பர்மிங்காம் வில்லா பார்க் ஸ்டேடியத்துல பழைய ஆளுங்க நாலு பேரும் கடைசியா சேர்ந்து வாசிச்ச நாலு பாட்டுல கூட இந்த ஆல்பத்துக்கு கெடச்சது என்.ஐ.பி. மட்டும்தான். அதுக்கு பதினேழாவது நாள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்து போயிட்டாரு. அன்னைக்கு நைட்டு தெரிஞ்சவங்க எல்லாரும் பாரனாய்டும் அயர்ன் மேனும் ஸ்டேட்டஸ் வெச்சுட்டு இருந்தாங்க. நான் மொட்டமாடில உக்காந்து ஸ்லீப்பிங் வில்லேஜ், வார்னிங் ரெண்டையும் திரும்ப திரும்ப போட்டு கேட்டுட்டு இருந்தேன்.

என்னை கேட்டா இந்த ஆல்பத்தோட உசுரு எல்பி தட்டோட ரெண்டாவது பக்கத்துலதான் இருக்கு. ஏன் சொல்றேன்னா அங்கதான் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியோட கை தெரியுது. கைன்னு நான் சொல்றது ஸ்டைல இல்ல, நெஜமான கைய.

கதை நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். அயோமிக்கு அப்ப 17 வயசு, பர்மிங்காம்ல தகடு வெட்டுற ஃபேக்டரில வேலை. ஒரு பேண்டோட வெளியூர் கச்சேரிக்கு போறதுக்காக வேலைய விட்டுட்டாரு, அன்னைக்குத்தான் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவரு இனிமே போகலன்னு சொல்லியிருக்காரு, அவங்கம்மா ஒத்துக்கல, போய் வேலைய ஒழுங்கா முடிச்சுட்டு வாடான்னு அனுப்பி வெச்சுட்டாங்க. அவரு செஞ்சது வெல்டிங் வேலை. அன்னைக்கு பிரஸ்ஸுல நிக்க வேண்டிய ஆள் வரலன்னு இவர தூக்கி அதுல போட்டாங்க. மிஷின் கை மேல எறங்கிடுச்சு, பதட்டத்துல கைய வெடுக்குன்னு இழுத்தாரு, வலது கையில நடுவிரல், மோதிரவிரல் ரெண்டோட நுனியும் போச்சு. அவரு இடதுகைக்காரரு, அதனால அந்த வலது கைதான் கம்பி மேல அழுத்த வேண்டிய கை.

இத நான் ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா எனக்கும் அதேதான். 2011-ல ஒரு பிரஸ் ஷாப்புல கான்ட்ராக்ட்ல இருந்தேன், கம்பெனி பேரு வேணாம். செகண்ட் ஷிப்ட், ஏழே முக்கால் மணி இருக்கும். தகட்ட எடுத்து டையில வெக்கணும், பெடல மிதிக்கணும், வெட்டுன பீஸ ட்ரேல தள்ளணும், இத ஆயிரம் வாட்டி செஞ்சப்புறம் கை தானா ஓடும், மனசு வேற எங்கயோ இருக்கும். மிஷினோட பாதுகாப்பு கார்டு கழட்டி வெச்சிருந்தாங்க, அது இருந்தா ஓட்டம் கம்மியாகுதுன்னு. ஒரு பீஸ் சிக்கிச்சு, விரல விட்டு தள்ளுனேன். வலி உடனே வரல. க்ளவுஸோட நுனி டைக்குள்ள இருக்கு, என் கை வெளிய இருக்கு, அத பாத்துட்டே நிக்கிறேன், பக்கத்து மிஷின் அண்ணன்தான் வந்து மெயின் ஆஃப் பண்ணாரு. இடது கை, அதே நடுவிரல், அதே மோதிரவிரல்.

அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா கிட்டார் கத்துட்டு இருந்தேன். கட்டு பிரிச்ச அன்னைக்கு அத தூக்கி பரண்ல போட்டுட்டேன். எங்க தெரு அண்ணன் ஒருத்தரு வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஒரு பென்டிரைவ் குடுத்துட்டு போனாரு, அதுல இந்த ஆல்பம் மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு வந்துதான் அயோமி கதைய சொன்னாரு. அயோமி பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்கு தொப்பி மாதிரி பண்ணி, அது மேல தோல் ஒட்டி, மெல்லிசு கம்பிக்காக பாஞ்சோ கம்பி போட்டு வாசிச்சாருன்னு கேட்டப்ப எனக்கு சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு. நான் முதல்ல சைக்கிள் ட்யூப் வெட்டி பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டுனேன், அது கம்பில இழுக்கும்போது கீச்சு கீச்சுன்னு கத்தும். கடைசில பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் செருப்பு தைக்கிற பெரியவரு ஒருத்தரு மெல்லிசு ஆட்டுத்தோல்ல உறை மாதிரி தைச்சு குடுத்தாரு, காசு வாங்கல. இன்னைக்கும் அந்த மாதிரி உறைலதான் வாசிக்கிறேன்.

விரல் நுனி இல்லன்னா கம்பி எங்க இருக்குன்னு தோலுக்கு தெரியாது, காதாலதான் தேடணும். வார்னிங்ல நடுவுல மத்த மூணு பேரும் நிறுத்திடுவாங்க, கிட்டார் மட்டும் தனியா போகும் பாருங்க, அந்த இடத்த கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்த தேடுறதுதான் கேக்குது. இந்த ரெண்டாவது பக்கத்த பத்தி உங்களுக்கு தோணுறத எழுதுங்க.


ஓட்டேரி_சட்டி:

அண்ணே படிச்சிகினே வந்தேன், க்ளவுஸு இடத்துல நிறுத்திட்டு கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வந்துதான் மீதிய படிச்சேன். நல்லா இருக்கணும்ணே நீங்க.

நான் விக்கட் வேர்ல்டு பத்தி சொல்லியே ஆவணும். நான் பதினாலு வயசுல இருந்து சாவு மேளத்துக்கு சட்டி அடிக்கிறவன், அப்புறம்தான் ட்ரம்ஸ் கத்துகினேன். அந்த பாட்டு ஆரம்பத்துல ட்ரம்மர் பில் வார்டு ஹைஹேட்ல, அதான் அந்த ஜோடி சிம்பல்ல, ஒண்ணு போடுவாரு பாருங்க, அது ராக் அடியே இல்ல, சுத்தமான ஜாஸ் ஸ்விங்கு. அந்தாளுக்கு ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச் ரெண்டு பேருன்னா உசுரு. தடதடன்னு ஓடிகினே இருக்கும், திடீர்னு வேகம் எல்லாம் அப்டியே எறங்கி கனமான ரிஃப் ஒண்ணு, திரும்ப திரும்ப வர்ற கிட்டாரு துண்டு, வந்து உக்காரும்.

எங்க வேலைலயும் அதேதாண்ணே. மேளம் தெருவுல போவும்போது வேகம் எங்க கையில இல்ல, பாடைய தூக்கினு வர்றவங்க காலுல கீது. முனை திரும்பறப்ப முன்னாடி ஆடினு போறவன் திரும்பி ஒரு பார்வ பாப்பான், அவ்ளோதான், மொத்த செட்டும் அடிய மாத்தும், யாரும் ஒன் டூ த்ரீ சொல்ல மாட்டாங்க. பில் வார்டு அயோமிய அப்டித்தான் பாத்துகினு வாசிக்கிறாரு. கணக்கு வெச்சிகினு போற ஆளு இல்ல அவரு, கிட்டாரு கேக்கறதுக்கு பதில் சொல்ற ஆளு. அந்த பாட்ட மட்டும் ட்ரம்ஸுக்காக ஒரு வாட்டி கேளுங்க எல்லாரும்.


டோல்கேட்_பையன்:

அண்ணா ரெண்டு டவுட்டு. ஒண்ணு, நான் கேக்குற ஆல்பத்துல விக்கட் வேர்ல்ட் இல்லவே இல்ல, ஈவில் உமன்தான் இருக்கு. என் ஃப்ரெண்டு போன்ல உல்டாவா இருக்கு, அவன்து ஈவில் உமன் இல்ல, அதுவும் பாட்டு பேரெல்லாம் கோடு போட்டு கோடு போட்டு ரயில் மாதிரி நீளமா இருக்கு. எது ஒரிஜினல்?

ரெண்டாவது, மன்னிச்சுக்கோங்க, உங்க கதைய படிச்சப்புறம் இத சொல்ல கஷ்டமாதான் இருக்கு, ஆனா வார்னிங் எனக்கு புடிக்கல. பத்து நிமிஷத்துக்கு மேல போகுது. பாட்டு நல்லா ஆரம்பிக்குது, ஆஸி குரல் சூப்பரா இருக்கு, அப்புறம் சோலோ சோலோ சோலோ, நான் பாதில மாத்திடுவேன். எனக்கு 19 வயசு, ஒருவேளை இன்னும் கேக்க தெரியலையோ என்னமோ, ஆனா உண்மைய சொல்லணும்ல.


பழைய_எல்பி_பெரம்பூர்:

தம்பி, உண்மைய சொன்னதுக்கு எதுக்கு மன்னிப்பு? உன் முதல் கேள்விக்கு பதில் என் வீட்டு அலமாரில இருக்கு, சொல்றேன் கேளு.

ஆல்பம் இங்கிலாந்துல வெர்டிகோ லேபிள்ல 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்துச்சு. அதுல ரெண்டாவது பக்கம் ஈவில் உமன்ல ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்லீப்பிங் வில்லேஜ், அப்புறம் வார்னிங். விக்கட் வேர்ல்ட் அங்க ஆல்பத்துலயே கிடையாது, ஈவில் உமன் சிங்கிளா வந்தப்ப அதுக்கு பின்பக்கம் போட்ட பாட்டு அது. அமெரிக்காவுல வார்னர் வெளியிட்டப்ப ஈவில் உமன எடுத்துட்டு விக்கட் வேர்ல்ட உள்ள வெச்சாங்க. அதோட இன்ட்ரோ, நடுவுல வர்ற பேஸ் துண்டு எல்லாத்துக்கும் தனித்தனியா பேரு குடுத்து ஒட்டுனாங்க, உன் ஃப்ரெண்டு பாக்குற ரயில் அதுதான். பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப்போட ஆரம்பத்துக்கு வாஸ்ப், என்.ஐ.பி.க்கு முன்னாடி வர்ற பேஸ் சோலோவுக்கு பேஸிக்கலி. ஸ்லீப்பிங் வில்லேஜ் ஆரம்பத்துக்கு என்ன பேரு தெரியுமா? எ பிட் ஆஃப் ஃபிங்கர். ஒரு துண்டு விரல்.

எங்கிட்ட இருக்கறது அந்த அமெரிக்க பிரஸ்ஸிங், அதாவது அங்க அச்சடிச்ச எல்பி தட்டு. தீப்பிடிச்சு போறதுக்கு முன்னாடி இருந்த பழைய மூர் மார்க்கெட்ல வாங்கினது, 1985-க்கு முன்னாடி. எங்கப்பா ஐ.சி.எஃப்.ல இருந்தாரு, நான் அப்ப சனிக்கிழமை டான்ஸ்களுக்கு ரிதம் கிட்டார் வாசிச்சுட்டு இருந்தேன், சட்டப்பையில இருந்த காசு மொத்தமும் அந்த ஒரு தட்டுக்கு போச்சு. கவர்ல அந்த பழைய தண்ணி மில்லும், முன்னாடி கருப்பு உடுப்புல நிக்கிற பொண்ணும். எங்கம்மா அத சுவத்த பாத்து திருப்பி வெக்க சொல்வாங்க. அந்த மில்லு ஆக்ஸ்போர்டுஷைர்ல மேப்பிள்டரம்ங்கற ஊர்ல நெஜமாவே இருக்கு.

ஈவில் உமன் பத்தியும் ஒரு வார்த்தை. அது அவங்க சொந்த பாட்டு இல்ல, க்ரோன்னு ஒரு அமெரிக்க பேண்டோட பாட்டு. ஹிட்டாகும்னு சிங்கிளுக்காக பாட வெச்சது. பேண்டுக்கு அதுல பெருசா இஷ்டம் இல்ல, கேட்டாலே தெரியும், மத்த பாட்டுல இருக்கற அந்த மனசு இதுல இல்ல. நான் அத தள்ளிட்டுதான் போவேன்.


பிரஸ்ஷாப்_கிட்டார்:

அங்கிள்!! எ பிட் ஆஃப் ஃபிங்கரா? பதினாலு பதினஞ்சு வருஷமா இந்த பாட்ட கேக்குறேன், பென்டிரைவ்ல ட்ராக் நம்பர் மட்டும்தான் இருந்துச்சு, அப்புறம் போன்ல கேட்டதும் இங்கிலாந்து லிஸ்ட்டுதான், இந்த பேரு எனக்கு தெரியவே தெரியாது. அம்மாகிட்ட காட்டிட்டு வந்தேன். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, அர்த்தம் சொன்னதும் என் கைய எடுத்து மடில வெச்சுக்கிட்டாங்க.


ராயபுரம்_சுருதி:

ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு இப்ப எழுதறேன். நான் வீணை கத்துக்கறவ, ராக் பாட்டெல்லாம் எங்க அண்ணன் போட்டா காதுல விழும், அவ்ளோதான். இந்த இழைய பாத்துட்டுதான் ஸ்லீப்பிங் வில்லேஜ் முதல் தடவையா ஹெட்போன் போட்டு கேட்டேன். ஆரம்பத்துல அந்த டொய்ங் டொய்ங்னு ஒரு சத்தம் வருதே, அத யாரும் சொல்லலையே? அது நம்ம மோர்சிங்!

சந்தேகத்துக்கு தேடியும் பாத்தேன், ஆல்பத்துல போட்டிருக்காங்க, வாசிச்சது பேண்டுல ஒருத்தர் கூட இல்ல, ப்ரொட்யூசர் ராட்ஜர் பெய்ன். அவங்க ஊர்ல அதுக்கு ஜூஸ் ஹார்ப்னு பேரு, ஆனா சாமான் ஒண்ணுதான். இரும்பு வளையம், நடுவுல ஒரு மெல்லிசு நாக்கு. முன்பல்லுல வெச்சு புடிச்சுக்கிட்டு ஆள்காட்டி விரலால அந்த நாக்க தட்டணும். சுருதி ஒண்ணுதான், மாறாது, வாய்க்குள்ள நாக்க முன்ன பின்ன கொண்டுபோறதுலயும் மூச்சுலயும்தான் அந்த ஒய்ங் ஒய்ங் எல்லாம் வருது. சுருதி கொஞ்சம் எறக்கணும்னா நுனில துளி தேன்மெழுகு ஒட்டுவாங்க. கச்சேரில மிருதங்கத்துக்கு பக்கத்துல தனி ஆவர்த்தனத்துல கேட்டு பழகின சத்தம், பர்மிங்காம்காரங்க பாட்டுல, விடியக்காலைல தூங்குற கிராமத்த பத்தின பாட்டுல வருதுன்னா எனக்கு சிலிர்த்து போச்சு. பாட்டுல வார்த்தை மொத்தமே நாலஞ்சு வரிதான். ஆஸி அத சத்தம் போடாம பாடிட்டு போயிடறாரு, மீதி எல்லாம் வாத்தியம்தான் பேசுது.

எல்லாரும் முதல் பாட்டோட மூணு நோட்ட பத்தி சொல்றீங்களே, அதையும் வீணைல வாசிச்சு பாத்தேன். சட்ஜம், மேல் சட்ஜம், அங்கருந்து எறங்கி பிரதி மத்யமம். நமக்கு கல்யாணி ராகத்துல தெனமும் புழங்கற ஸ்வரம் அது, பயமே கிடையாது, ஏன்னா நாம அங்க ரொம்ப நேரம் நிக்காம பஞ்சமத்துல போய் உக்காந்துடுவோம். இவங்க அந்த மத்யமத்துலயே நின்னு அசைக்கறாங்க, உக்கார விடாம. பயம் அங்கதான் வருது.


ஓட்டேரி_சட்டி:

அக்கா செம்ம! மோர்சிங்குன்னு நீங்க சொன்னப்புறம் கேட்டா வேற பாட்டு மாதிரி கீது. இத்தினி நாளா அத ஏதோ கிட்டார் எஃபெக்ட்டுனு நெனச்சிகினு இருந்தேன்.


மின்ட்_ஹெட்போன்:

எல்லாரும் அயோமி, பில் வார்டுன்னு போயிட்டீங்க, நான் பேஸ் வாசிச்ச கீஸர் பட்லருக்காக வந்திருக்கேன். பிஹைண்ட் தி வால் ஆஃப் ஸ்லீப் முதல் பக்கத்துல இருக்கறதால யாரும் மறந்த பாட்டுன்னு சொல்றதில்ல, ஆனா எத்தன பேரு அத முழுசா தனியா கேட்டிருக்கீங்க? தி விசார்டுல ஆஸி வாசிச்ச மவுத்தார்கன் சத்தம் காதுல இருக்கும், அந்தப்பக்கம் என்.ஐ.பி. காத்துட்டு இருக்கும், நடுவுல மாட்டிக்கிச்சு பாவம் இந்த பாட்டு. அதுல ஆஸி ஒரு வரி பாடுவாரு, கிட்டாரும் பேஸும் சேர்ந்து ஒரு வரி பதில் சொல்லும், திரும்ப அவரு, திரும்ப அவங்க. கடைசில ட்ரம்ஸ் தேஞ்சுகிட்டே போகும், பேஸ் மட்டும் தனியா வா-வா பெடல் (சத்தத்த வாய் தொறந்து மூடற மாதிரி ஆக்கறது) போட்டு எழும்பும், 1969-ல பேஸுக்கு வா-வா போடணும்னு யாருக்கு தோணும்? பாட்டோட பேரு ஹெச். பி. லவ்கிராஃப்ட் எழுதின ஒரு கதையோட பேர்ல இருந்து எடுத்தது, படிக்கிற ஆளு கீஸர், பேண்டுக்கு வரிகள் பெரும்பாலும் எழுதினதும் அவருதான்.

பிரஸ்ஷாப் அண்ணா, ஒரு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக முடியல. ரெண்டாவது பக்கத்துல கை தெரியுதுன்னு சொன்னீங்க, சரி. ஆனா அந்த கை தனியா நிக்கல. கீஸர் முதல்ல ரிதம் கிட்டார் வாசிச்ச ஆளு, கொஞ்ச காலம் முன்னாடிதான் பேஸுக்கு மாறியிருந்தாரு. அதனால வழக்கமான பேஸ்காரங்க மாதிரி ஒதுங்கி நிக்காம அயோமியோட ரிஃப் கூடவே ஒட்டி ஓடுறாரு. அயோமி தனியா போற இடத்த விட்டுட்டு, மூணு பேரும் ஓடுற இடத்த பேஸ் நல்லா வர்ற ஹெட்போன்ல கேளுங்க, அவரு கம்பிய இழுத்தா கீஸரும் இழுக்குறாரு. ரெண்டு விரல் நுனி இல்லாத ஒருத்தரு மேல விழ வேண்டிய சுமைல பாதிய இன்னொருத்தரு சுமக்குற மாதிரிதான் எனக்கு கேக்குது.


பிரஸ்ஷாப்_கிட்டார்:

மின்ட் நண்பரே, நேத்து நைட்டு நீங்க சொன்ன மாதிரியே போட்டு கேட்டேன், நீங்க சொல்றது சரி. நான் இத்தன வருஷமா ஒரு கைய மட்டும் தேடி கேட்டுட்டு இருந்திருக்கேன். அன்னைக்கு மெயின் ஆஃப் பண்ண அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு.

டோல்கேட் தம்பி, வார்னிங் பத்தி. அதுவும் அவங்க சொந்த பாட்டு இல்லடா, ஐன்ஸ்லி டன்பார்னு ஒரு ட்ரம்மரோட பேண்டு, ரிடாலியேஷன், 1967-ல சிங்கிளா போட்ட ப்ளூஸ் பாட்டு. காதல்ல அடிபட்ட ஒருத்தன் புலம்புறது, அவ்ளோதான் சங்கதி. ஈவில் உமனும் இரவல்தான் இதுவும் இரவல்தான், ஆனா இத அவங்க விரும்பி எடுத்தது, க்ளப்பு க்ளப்பா வாசிச்சு வாசிச்சு நீட்டுனது, அந்த வித்தியாசம் கேக்கும். நீ ஒண்ணு பண்ணு. போன பாக்கெட்ல போட்டுட்டு, கடல் பக்கம் போய் அந்த கருங்கல்லு மேல உக்காந்து கேளு, வேற எதுவும் பண்ணாத. சோலோன்னு நெனச்சு கேக்காத. ஒரு ஆள் இருட்டுல வீட்டுக்குள்ள நடந்து போறான்னு நெனச்சுக்கோ, எங்க சுவரு எங்க கதவுன்னு தடவி தடவி போறான். சில எடத்துல முட்டிக்கிறான், அந்த முட்டுனதையும் அழிக்காம ரெக்கார்டுலயே விட்டிருக்காங்க, ஏன்னா ஆல்பத்த ரெக்கார்டு பண்ண அவங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் டைம்.

அப்புறம் விக்கட் வேர்ல்டு பத்தி ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்த பாட்ட அயோமி வாசிச்சது ஸ்ட்ராட் கிட்டார்ல. அது முடிஞ்சதும் ஸ்ட்ராட்டோட பிக்கப் (கம்பி சத்தத்த எடுக்கற பாகம்) அவுட்டாயிடுச்சு, கைவசம் எக்ஸ்ட்ராவா வெச்சிருந்த கிப்சன் எஸ்.ஜி.ய எடுத்துதான் ஆல்பம் மொத்தத்தையும் வாசிச்சாரு, அப்புறம் வாழ்நாள் பூரா எஸ்.ஜி.தான். அதனால விக்கட் வேர்ல்டுல கிட்டார் சத்தம் கொஞ்சம் மெல்லிசா கூர்மையா இருக்கும், அடுத்து உடனே ஸ்லீப்பிங் வில்லேஜ் போட்டு பாருங்க, தடிமன் வித்தியாசம் தெரியும்.


ராயபுரம்_சுருதி:

விக்கட் வேர்ல்ட் வரிகள உக்காந்து படிச்சேன். நிலாவுக்கு மனுஷன அனுப்ப முடியுது, இங்க ஜனங்க பழைய வியாதிலயே செத்துட்டு இருக்காங்கன்னு ஒரு இடம். 1969 ஜூலைல நிலாவுல எறங்கினாங்க, அக்டோபர்ல இவங்க இத பாடறாங்க, மூணே மாசம். அடுத்து ஒரு பொம்பள தெனம் தெனம் கொஞ்ச சம்பளத்துக்காக வேலைக்கு போறா, வீட்ல குழந்தை அழுதுட்டு இருக்குன்னு வருது.

எங்கம்மா காசிமேட்டுல இறால் உரிக்க போவாங்க. விடியறதுக்கு முன்னாடி போயிட்டு வெயில் ஏறினப்புறம் வருவாங்க. ஐஸுலயே கை கெடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து சுருங்கி, இறால் கொம்பு குத்தின எடம் புள்ளி புள்ளியா இருக்கும். எனக்கு தலை பின்னும்போது அந்த விரல் முடில சிக்கும், நான் வலிக்குதுன்னு கத்துவேன். அந்த காசுலதான் எனக்கு வீணை வாங்கினாங்க. ராக் பாட்டுன்னா ஆட்டம் பாட்டம்னுதான் நான் நெனச்சிருந்தேன், இப்படி ஒரு வரி இருக்கும்னு நெனச்சதே இல்ல.


பழைய_எல்பி_பெரம்பூர்:

அம்மா சுருதி, உங்க பதிவ படிச்சுட்டு அந்த தட்ட எடுத்து துடைச்சு ரெண்டாவது பக்கம் போட்டேன். அமெரிக்க தட்டுல அந்த பக்கம் விக்கட் வேர்ல்டுலதான் ஆரம்பிக்கும். நாப்பது வருஷத்துக்கு மேல அதோட ஆட்டத்துக்காக மட்டுமே கேட்டிருக்கேன், அந்த பொம்பள வர்ற வரிய காதுல வாங்கினதே இல்ல. 1970-ல வெளிநாட்டு பத்திரிகை விமர்சகர்கள் இந்த ஆல்பத்த கிழிச்சு போட்டாங்க. ஆனாலும் இங்கிலாந்துல எட்டாவது இடம், அமெரிக்காவுல 23-ஆவது இடம் வரைக்கும் போச்சு. வாங்கினவங்க எல்லாம் யாருன்னு இப்ப எனக்கு புரியுது.


டோல்கேட்_பையன்:

அண்ணா நேத்து சாயங்காலம் போனேன். கல்லு மேல உக்காந்து ஸ்லீப்பிங் வில்லேஜ்ல இருந்து ஆரம்பிச்சேன், மோர்சிங் வந்ததும் சிரிச்சுட்டேன், ராயபுரம் அக்கா ஞாபகம். பின்னாடி ரோட்டுல ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுட்டு இருந்துச்சு, ஹாரன் சத்தம், அதனால வால்யூம் ஃபுல்லா வெச்சேன். வார்னிங்ல எல்லாரும் நிறுத்திட்டு கிட்டார் மட்டும் போற இடம் வந்தப்ப லாரி ஒண்ணு ஏர் பிரேக் விட்டுச்சு, புஸ்ஸுன்னு, பாட்டுக்குள்ளயே வந்த மாதிரி இருந்துச்சு. மாத்தல. முழுசா கேட்டேன். இன்னும் எனக்கு சோலோல ரெண்டு நிமிஷம் கம்மியா இருந்தா நல்லா இருக்கும்னுதான் தோணுது, அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா கடைசில சுத்தி சுத்தி போயிட்டு ஆஸி குரல் திரும்ப வருதுல்ல, அந்த ஆள் வீட்டுக்கு வந்து சேந்துட்டான்னு தோணுச்சு. அதுக்காக மறுபடி கேப்பேன்.


பிரஸ்ஷாப்_கிட்டார்:

தம்பி, அது போதும்டா எனக்கு.

சுருதி அக்கா, ஒண்ணு கேக்கவா? உங்ககிட்ட மோர்சிங் இருக்கா? ஸ்லீப்பிங் வில்லேஜ் ஆரம்பம் நான் அக்கௌஸ்டிக்ல வாசிப்பேன், ஈ மைனர்ல, உங்க கணக்குல மூணு கட்டை. இது வரைக்கும் தனியாத்தான் வாசிச்சிருக்கேன்.


ராயபுரம்_சுருதி:

எங்க வாத்தியார் வீட்ல இருக்கு, கேட்டா குடுப்பாரு. நான் தேர்ந்த ஆள் இல்ல, பல்லுல புடிச்சு தட்ட மட்டும் தெரியும். அந்த மோர்சிங் மூணு கட்டைக்கு கொஞ்சம் மேலயே நிக்கும், மெழுகு வெச்சு எறக்கிக்கலாம்.


ஓட்டேரி_சட்டி:

அண்ணே நானும் வரேன்! ஸ்நேர் மட்டும் தூக்கினு வரேன், ப்ரஷ்ஷு கீது, மெதுவாத்தான் வாசிப்பேன், அக்கம்பக்கம் பேஜாரு ஆவாது.


மின்ட்_ஹெட்போன்:

பேஸ் இல்லாம விடுவேனா? ஆம்ப் என்னோடது சின்னதுதான், ஆட்டோல கொண்டு வந்துடுவேன்.


பிரஸ்ஷாப்_கிட்டார்:

அப்ப ஞாயித்துக்கிழமை நாலு மணி, எங்க வீட்டு மொட்டமாடி, அட்ரஸ் தனித்தனியா மெசேஜ்ல அனுப்புறேன். அம்மா வஞ்சிரம் கொழம்பு வெக்கறேன்னு சொல்லிட்டாங்க. எல்பி அங்கிள், நீங்க ரிதம் வாசிச்சே ஆகணும், என் பழைய கிட்டாருக்கு புதுசா கம்பி மாட்டி வெக்கிறேன், மாடிப்படில கைப்பிடி இல்ல, நான் கீழ வந்து கூட்டிட்டு போறேன். தட்டு கவரையும் எடுத்துட்டு வாங்க, அம்மா அந்த எ பிட் ஆஃப் ஃபிங்கர்னு அச்சடிச்சிருக்கறத பாக்கணும்ங்கறாங்க. டோல்கேட் தம்பி, நீ வரும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டு எடுத்துட்டு வா, மாடில ப்ளக் பாயிண்ட் ஒண்ணுதான் இருக்கு.